இரண்டு கிலோ

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பெயர்களுக்குக் கீழே
பெனினா மேடம் பேனாவால் எழுதியிருந்தார்:
இரண்டு கிலோ.
அதற்கு மேல் ஆறு வாரத்துக்கு
எதையும் தூக்கக் கூடாது.

பதினேழு வருஷம்
சத்துவாச்சாரி பேஸ் ரெண்டில்
மாடி மாடியாக சிலிண்டர் ஏற்றியவன் நான்.
காலியே பதினைந்து.
நிரம்பியது இருபத்தொன்பது சொச்சம்.
எடையைச் சொல்லி எவரும் என்னைப் பயமுறுத்தியதில்லை.
இப்போது வீட்டில் எதைப் பார்த்தாலும்
கண்ணாலேயே நிறுக்கிறேன்.
பால் பாக்கெட் அரை.
தண்ணீர்ச் சொம்பு ஒன்று.
மாவுத் தூக்கு, சந்தேகம்.
பிழியாத ஈரத்துண்டு?
பூங்காவனம் சிரிக்கிறாள்:
"அதையும் தராசுல வச்சிப் பாரேன்."

எழுந்திருக்க ஒரு முறை உண்டு.
மல்லாந்து கிடப்பவன் நேராக எழக் கூடாது.
முட்டியை மடக்கி,
தோளும் இடுப்பும் ஒரே கட்டையாய்ப் புரண்டு,
காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு,
கையை ஊன்றி.
மரக்கட்டை உருள்கிற மாதிரி என்றார் மேடம்.
எனக்கு நினைவு வந்தது வேறு.
லாரியிலிருந்து இறக்கிய சிலிண்டரை
விளிம்பில் சாய்த்து, பதறாமல் உருட்டுவோமே
அது.
முப்பது கிலோ இரும்புக்குக் கொடுத்த மரியாதையை
என் எழுபத்திரண்டுக்கு
ஒருநாளும் நான் கொடுத்ததில்லை.

முதல் வாரம் கூடத்திலிருந்து வாசல்.
இரண்டாம் வாரம் தெருமுனை இஸ்திரி வண்டி வரை.
சித்திரை வெயில். பெல்ட்டுக்கு அடியில்
தனியாக ஒரு வியர்வை.
இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாதாம்;
சவரக்கடையில் பாதியில் எழுந்து நின்றேன்,
ஒரு கன்னம் நுரையோடு.
வண்டி ஓட்டக் கூடாது, பின்சீட்டும் வேண்டாம்.
எங்கள் தெரு வேகத்தடைகளை
மேடம் பார்த்திருப்பார் போல.

நாலாம் வாரம்
ஒரு ரூபாய் தரையில் விழுந்தது.
காலை முழுக்க அதைச் சுற்றியே நடந்தேன்.
மதியம், ஆளில்லாத நேரம்,
நாற்காலியைப் பிடித்து
முதுகு நிமிர்ந்தபடி
முட்டி மட்டும் இறங்க, இறங்க
எடுத்துவிட்டேன்.
திரும்பப் போட்டு
இன்னொரு தரம் எடுத்தேன்.

நித்திலாவுக்கு நாலு வயசு, பதினான்கு கிலோ.
அங்கன்வாடி அட்டையில் இருக்கிறது.
கையிரண்டையும் தூக்கியபடி வந்து நிற்பாள்.
அப்பா முதுகில் தையல் என்று சொல்லிச் சொல்லி
ஓய்ந்துபோனோம்.
அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள்.
நான் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது
ஸ்டூல் போட்டு ஏறி
நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறாள்.
தூக்காமலே பதினான்கு கிலோ.
இது கூடுமா என்று மேடத்திடம் கேட்கவில்லை.

நேற்று எங்கள் வீட்டுக்கே சிலிண்டர் வந்தது.
என் லைனை இப்போது சம்பங்கி பார்க்கிறான்.
"இன்னாண்ணா, எப்டி கீற?"
கேட்டுக்கொண்டே தோளிலிருந்து இறக்கினான்;
இறக்கும்போது இடுப்பை ஒரு திருப்பு.
அந்தத் திருப்பு எனக்குத் தெரியும்.
அதில் வலியே இருக்காது,
ரொம்ப நாளைக்கு.
சொல்ல வாயெடுத்தேன்.
அவனுக்கு இன்னும் முப்பத்தெட்டு வீடு பாக்கி.
பில் பணத்தோடு மேலே முப்பது ரூபாய் நீட்டினேன்.
"உங்கிட்டயா வாங்குவேன்?"
வாங்கிக்கோ என்றேன்.
அந்த முப்பதுக்கு
எத்தனை கதவுகளில் பல்லிளித்து நின்றிருக்கிறேன்.

காலி சிலிண்டர் வாசலில் நின்றது.
என் கை தானாகப் போய்
வளையத்தைப் பற்றியது.
வெயிலில் காய்ந்த இரும்பு.
சம்பங்கி பார்த்தான்.
உள்ளேயிருந்து பூங்காவனமும் பார்த்தாள்.
விட்டுவிட்டேன்.
பில்லில் கையெழுத்துப் போட்டேன்.
பேனா
பத்து கிராம் இருக்கும்.